செய்து கற்றலும் கணினியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. குண்டசாலையிலுள்ள விவசாயக் கல்லூரியிற் பயில்வோர் ஏட்டோடு அமையாது, மண்ணைக் கொத்தி, விதையிட்டு, நீர் பாய்ச்சியே பயிர்த்தொழிலைக் கற்கின்றனர். ஆயின், நம் பாடசாலைகளிற் கணினிக் கல்வி நிகழும் முறை யாது? கணினியின் உறுப்புக்களை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதுதலே பலவிடத்துங் கல்வியாகிவிடுகின்றது. கணினியைப் பற்றிக் கற்றல் வேறு; கணினியைக் கொண்டு கற்றல் வேறு. இவ்வேறுபாட்டை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தென்னாபிரிக்காவிற் பிறந்த கணித அறிஞர் சேமூர் பப்பேர்ட் (1928–2016), ஜெனீவாவிற் குழந்தை உளநூல் வல்லுநர் பியாஜேயோடு பணியாற்றிய பின் அமெரிக்கா சென்றனர். 1967 இல் அவரும் அவர்தந் துணைவரும் சிறுவர்க்கென 'லோகோ' எனுங் கணினிமொழியை ஆக்கினர். பின்னர் அதனோடு 'ஆமை' என்றொன்று சேர்ந்தது. 'முன்னே செல்', 'வலப்புறந் திரும்பு' என மாணவன் கட்டளையிடின், அது தான் சென்ற வழியே கோடு வரையும்.

சமபக்க முக்கோணம் வரையப் புகும் மாணவன், அதன் கோணம் 60 பாகை என நூலிற் படித்தவனாதலின், ஆமையையும் மூலைதோறும் 60 பாகை திருப்புவான். மூன்று கோடுகளுங் கூடா. அறுகோணத்தின் பாதியே தோன்றும். அப்பொழுது அவன் தானே ஆமையாகி முற்றத்தில் நடந்து பார்ப்பின், திரும்பவேண்டியது உட்கோணமன்று, புறக்கோணமாகிய 120 பாகையே என உணர்வான். மூன்று திருப்பமுஞ் சேர்ந்து 360 பாகையாதலையுங் காண்பான். சதுரத்துக்கு 90, ஒழுங்கான ஐங்கோணத்துக்கு 72 என்பன பின்னர் மனனமின்றியே வரும். ஆசிரியர் சிவப்பு மையாற் பிழையென்று குறித்தமைந்தால் இவ்வறிவு பிறவாது. ஈண்டுப் பிழையே ஆசானாகின்றது.

பப்பேர்ட் தம் கொள்கையை 1980 இல் 'மைண்ட்ஸ்டோம்ஸ்' எனும் நூலில் விளக்கினர். கணினி பிள்ளையைப் பழக்குதலினும், பிள்ளை கணினியைப் பழக்குதலே சிறப்பு என்பது அவர் துணிபு. 2007 இல் வெளிவந்த 'ஸ்கிராச்' இவ்வழிப்பட்டதே. முத்து அண்ணாமலை ஆக்கிய 'எழில்' தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிட இடந்தருகின்றது.

கருவி மட்டும் அமையுமோ எனின், அமையாது. பெரு நாட்டிற் பல இலட்சம் மடிக்கணினிகள் பிள்ளைகட்கு வழங்கப்பட்டன. எனினும், கணிதத்திலும் மொழியிலுந் தேர்ச்சி உயர்ந்ததாகக் காணப்படவில்லை என 2012 இல் வெளியான ஆய்வு கூறிற்று. கற்பிக்கும் முறை மாறாவிடத்துக் கருவி என் செய்யும்?

வீட்டிற் கணினியில்லாத தோட்டப்புறப் பிள்ளைக்குப் பாடசாலையிற் கிடைக்கும் ஒரு பாடவேளையே வாய்ப்பு. அதனையும் பெயர்களை ஒப்புவித்தலிற் கழித்தல் தகுமோ? கணினி அறை பூட்டிக் கிடப்பினும் முற்றமுஞ் சுண்ணக்கட்டியும் உள. ஒரு பிள்ளை ஆமையாகுக. மற்றொரு பிள்ளை கட்டளையிடுக. அறை திறக்கும் நாளில், அவர்கள் கணினியை ஏவக் கற்றவராய் உட்புகுவர்.