மாதம் ஒரு நாள் மாத்திரை வரும். மற்ற நாட்களில் காவல் நீங்களே!

இண்டூர் வட்டாரத் தாய்மார்களே, பெரியோர்களே!

"தலைசுத்தல் நின்னு போச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். காய்ச்சல் வந்தால் போய்விடும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அப்படியல்ல. மாத்திரை அவற்றை அடக்கி வைக்கிறது, விரட்டிவிடுவதில்லை. நிறுத்தினால் வலி தெரியாமலே மறுபடி ஏறும். ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்.

2004 வரை நம் தர்மபுரியோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலிலேயே அளவு பார்த்து மாத்திரை கொடுக்க வழி பிறந்தது. ஆனால் மாத்திரை கொடுத்தவர் போனபின் உடம்பைப் பார்த்துக்கொள்வது யார்? நீங்கள்தான்.

செய்ய வேண்டியவை இவை:

1. தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுங்கள். "நேத்து மறந்துட்டேன்" என்று இன்று இரண்டாகப் போடக்கூடாது. பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனாலும் மாத்திரை பையில் இருக்கட்டும்.

2. அளவைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். பொதுவாக இரத்தக் கொதிப்பு 140/90க்குக் கீழே இருக்க வேண்டும்.

3. கேழ்வரகுக் களி சத்தானது. ஆனால் "களிதானே" என்று அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். உருண்டையைச் சிறிதாக்கி, கீரையும் காயும் கூட்டுங்கள்.

4. உப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இதில் அடக்கம்.

5. சர்க்கரை நோயாளிகள் காட்டுக்கும் கொல்லைக்கும் செருப்பில்லாமல் போகாதீர்கள். இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. சிறு புண்ணானாலும் உடனே காட்டுங்கள்.

6. மருந்து போட்டுச் சாப்பிடத் தாமதமாகி, வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அறியுங்கள். மூன்று சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். தெளிந்ததும் சாப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108ஐ அழையுங்கள்.

வீட்டிலுள்ளவர்களே! "மாத்திரை போட்டாச்சா?" என்று தினமும் ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தேகம் வந்தால் நர்சம்மாவிடம் கூசாமல் கேளுங்கள்.

நோயை அறிந்து நடப்போம். நீண்ட நாள் நலமாய் வாழ்வோம்!