வரவில் விட்டுப்போன நாலாயிரம்

என் கணவர் திருத்தணியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். பெரிய ஆடிட்டர் எல்லாம் இல்லை. 'டாலி'யில் வரவு செலவு பதிந்து, மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் வந்தால் ஜி.எஸ்.டி. கணக்கு என்று பரபரக்கும் சாதாரண அக்கவுண்டன்ட். சம்பளம் 22,000 ரூபாய்.

சென்ற ஆண்டு சென்னை பாரிமுனையில் ஒரு கம்பெனியில் இதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் 35,000. பதில் சொல்ல இரண்டு வாரம் தவணை. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. "பட்டணம் போனாத்தாண்டி முன்னேற்றம்" என்றார் மாமியார். சென்னையில் இருக்கும் நாத்தனாரோ, "35 ஆயிரத்தை யாராவது வேண்டாம்பாங்களா அண்ணி?" என்று போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள்.

முதலில், இங்கிருந்தே ரயிலில் போய் வரலாமா என்று யோசித்தோம். அரக்கோணம் வழியாக சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. சீசன் டிக்கெட்டும் மலிவுதான். ஆனால் ரயில் நேரம், காத்திருப்பு, நடை எல்லாம் சேர்த்தால் போக வர 5 மணி நேரம். வேலை 8 மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு 13 மணி. 26 நாளைக்கு 338 மணி. சீசன், டீ, டிபன் என்று 3,000 போனால் மீதி 32,000. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 95 ரூபாய்கூட வரவில்லை. இங்கே பெட்ரோலுக்கு 800 போக, 208 மணி நேர வேலைக்கு மணிக்கு 102 ரூபாய் வருகிறது! எதிர்வீட்டு அண்ணன் அப்படித்தான் விடியற்காலை போய் இரவு 9 மணிக்கு வருகிறார். அவர் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அப்பா.

சரி, குடும்பத்தோடு போய்விடலாம் என்றார் இவர். அம்பத்தூர் பக்கம் வீடு பார்த்தோம். வாடகை 13,000. முன்பணம் 10 மாதம் என்றார் தரகர். 2017-ல் கொண்டுவந்த வாடகைச் சட்டத்தில் 3 மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று இருக்கிறதே என்றேன். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதிக்கிட்டா அதிகமும் வாங்கலாம்மா, அதுவும் சட்டத்திலேயே இருக்கு" என்றார். 1,30,000 ரூபாய்க்கு என் செயினும் வளையலும் அடகுக்குப் போக வேண்டும்.

அன்று இரவு இவர் நோட்டை எடுத்து இரண்டு ஊருக்கும் கணக்குப் போட்டார். திருத்தணியில் வாடகை 5,000, மளிகை, பால், காய்கறி, காஸ் 8,000, பள்ளிக்கூடம் 2,500, கரண்ட், தண்ணீர் 700, போக்குவரத்து 800. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் உறவினர் எல்லோருக்கும் எங்கள் வீடுதான் சத்திரம். அந்தச் செலவையும் 12-ஆல் வகுத்து 500 சேர்த்தார். மொத்தம் 17,500, மீதி 4,500. சென்னையில் வாடகை 13,000, மளிகை வகை 9,500, பள்ளிக்கூடம் 5,000, கரண்ட், தண்ணீர் கேன் 1,800, போக்குவரத்து 1,500. மொத்தம் 30,800, மீதி 4,200.

"பார்த்தியா, ஏறக்குறைய சமம்தான். அங்கே வருஷா வருஷம் சம்பளம் ஏறும். கிளம்பிடலாம்" என்றார்.

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். "என்னங்க, வரவு பக்கத்துல என் தையல் பணம் எங்கே?" என்று கேட்டேன்.

"அது சில்லறைதானே..." என்று இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷமாக ஜாக்கெட் தைத்தும், புடவைக்கு ஃபால்ஸ் அடித்தும் மாதம் 4,000 சம்பாதிக்கிறேன். பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மாமியார் மாத்திரை, சீட்டுப் பணம் எல்லாம் அதில்தான். ஊர் மாறினால் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. அந்த வரவு நின்றுவிடும். ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் விட்டுப்போனால் இரவெல்லாம் தேடுகிற மனுஷர், சொந்த வீட்டுக் கணக்கில் 4,000-ஐ விட்டுவிட்டார்!

அழுதுகொண்டே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே பேனாவை எடுத்து வரவில் 4,000 என்று எழுதினார். இங்கே மீதி 8,500 ஆயிற்று. சென்னைக்கு அதே 4,200தான்.

ஊருக்கு ஊர் செலவு மாறும் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் 10 சதவீதம் என்று ஆனது. தனியாரில் அப்படி யார் பிரித்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் இவர் சென்னை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இங்கே முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் 2,000 கூட்டிக் கொடுத்தார். நாத்தனார் இன்னமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குச் சென்னையில் சொந்த வீடு. அவள் கணக்கு வேறு. பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது எங்கள் கணக்கும் மாறலாம். அப்போது மறுபடி நோட்டை எடுப்போம்.

சகோதரிகளே, வெளியூரில் அதிகச் சம்பளம் என்றதும் பெட்டி கட்டிவிடாதீர்கள். கையில் என்ன மிஞ்சும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். எழுதும்போது வரவு பக்கத்தில் உங்கள் உழைப்பும் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். இப்போது எங்கள் வீட்டு நோட்டில் மாதாமாதம் வரவில் இரண்டாவது வரி என்னுடையது. அதை எழுதுவதும் இவர்தான்.

- ஒரு வாசகி, திருத்தணி.