சாதியைக் கேட்காமலே அறிந்துகொள்ளும் உலாவி நீட்சிகள்

சாதிச் சான்றிதழ் விண்ணப்பப் பக்கம், பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைத் தளம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் குறித்த தேடல். ஒருவர் ஒரே வாரத்தில் திறந்த இப்பக்கங்களின் முகவரிகளைக் கொண்டே அவருடைய சாதியைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அவரிடம் எவரும் கேட்கத் தேவையில்லை. இம்முகவரிகளைத் திரட்டும் எளிய வாயில்களுள் ஒன்று, நாமே நம் கணினியில் நிறுவிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் எனப்படும் உலாவி நீட்சிகள்.

விளம்பரத் தடுப்பு, பிடிஎஃப் மாற்றம், மொழிபெயர்ப்பு எனப் பல பணிகளுக்கு இவை இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுவும்போது பல நீட்சிகள், எல்லா இணையதளங்களிலும் உள்ள நம் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கோருகின்றன. அதை வழங்கிவிட்டால், நாம் திறக்கும் பக்கத்தின் முகவரி, அதிலுள்ள எழுத்துகள், படிவத்தில் நாம் நிரப்புபவை ஆகிய அனைத்தையும் அந்நீட்சியால் படிக்க இயலும். தளத்தின் மறையாக்கம் இங்கு உதவாது. நீட்சி உலாவிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது.

இது வெற்று அச்சமன்று. தளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடுவதாகக் கூறிய ‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ நீட்சி, பயனர்களின் உலாவல் வரலாற்றைப் பிறருக்கு அளித்ததை 2016இல் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. கண்காணிப்பிலிருந்து காப்பதாக விளம்பரம் செய்த அவாஸ்ட் நிறுவனம், தன் நீட்சிகள் மூலமும் வைரஸ் தடுப்பு மென்பொருள் மூலமும் திரட்டிய தரவை ‘ஜம்ப்ஷாட்’ என்னும் துணை நிறுவனத்தின் வழியே விற்றது. அதற்காக 1.65 கோடி டாலர் செலுத்துமாறு 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் பணித்தது.

களத்தில் இயங்குவோருக்கு ஆபத்து இன்னும் பெரிது. வன்கொடுமை குறித்த உண்மையறியும் அறிக்கைகளையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும், இணைப்பு உள்ள எவரும் திறக்கக்கூடிய கோப்புகளாகப் பகிர்வது வழக்கமாகியுள்ளது. அந்த இணைப்பே சாவி. நீட்சி அதைப் படித்து வெளியே அனுப்பினால், கோப்பும் பிறர் கைக்குப் போகும். சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு வழிவகுத்தும் பயனின்றிப் போகும்.

சட்டம் என்ன செய்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் அறிவித்தது. அதன்பின் ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவும், 2019ஆம் ஆண்டு மசோதாவும், சாதி, பழங்குடி விவரங்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தின. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. பாதுகாப்பு விதிகளை மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்; அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்கே செல்லும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் நீக்க இச்சட்டம் வகைசெய்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, இன்றே உலாவியின் நீட்சிப் பட்டியலைத் திறந்து, தேவையற்றவற்றை நீக்குவோம். எஞ்சியவற்றின் அனுமதியைக் குறிப்பிட்ட தளங்களுக்குச் சுருக்குவோம். வழக்குப் பணிக்கு நீட்சிகளே இல்லாத தனி உலாவியைப் பயன்படுத்துவோம். கோப்புகளைப் பெயர் குறித்த நபர்களுக்கு மட்டுமே பகிர்வோம். இரண்டாவது, சாதித் தரவுக்குத் தனிப் பாதுகாப்பும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டு உரிமையும் சட்டத்தில் மீண்டும் இடம்பெறக் குரலெழுப்புவோம். வாடகை வீட்டிலும் வேலைவாய்ப்பிலும் சாதி பார்க்கும் சமூகத்தில், சாதியைக் காட்டிக்கொடுக்கும் தரவு வெறும் விளம்பரச் சரக்கு அன்று.