குட்டி கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

காலைச் சபைகூடல் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்த சற்று நேரத்திற்கெல்லாம் எங்கிருந்தோ ஒரு முனகல் சத்தம் கேட்டது. முதலில் எலியோ என்று நினைத்தேன். ஆனால் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரின் பார்வையும் மூன்றாவது வரிசைப் பையன் மீதே இருந்தது. அவன் புத்தகப் பையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். திறக்கச் சொன்னேன். கணக்குப் புத்தகத்துக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில், கண் திறந்து சில வாரமே ஆன நாய்க்குட்டி ஒன்று!

“செம்பனக்காட்டு ரோட்டோரத்துல மைலோ பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போயிட்டாங்க டீச்சர். மத்த நாலும் செத்துப் போச்சு. இது மட்டுந்தான் இருக்கு. வீட்டுக்குக் கொண்டு போனா அம்மா ஏசுவாங்க. நீங்க வச்சிக்கிறீங்களா?”

இந்தக் கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒருநாள் வந்திருக்கும். வராவிட்டால் இனி வரும். பிள்ளை அழுகிறதே என்று ‘சரி’ என்று விடுகிறோம். வேலை அதிகம் என்று ‘வேண்டாம்’ என்று விடுகிறோம். இரண்டையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு நாயின் ஆயுள் சாதாரணமாகப் பத்து முதல் பதின்மூன்று வருடம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பூனை பதினைந்து வருடமும் இருக்கும். அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதிலா இது?

நான் நாயை வெறுப்பவள் அல்லள். என் அப்பா ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் அவர் பெரட்டுக்குக் கிளம்பும்போது எங்கள் மணியும் கூடவே கிளம்பிவிடும். இருட்டில் நிரைக்குள் அதுதான் முன்னால் போகும். பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். அப்பா சுற்றிக்கொண்டு போவார். வெயில் ஏறியதும் பால் வாளிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். பசியாற அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியில் அதற்கும் ஒரு துண்டு உண்டு. அப்பா எங்களிடம் அதிகம் பேசாத மனிதர். ஆனால் மணியிடம் பேசுவார். சம்பள நாளன்று என்னென்ன பிடித்தம் போயிற்று என்று அதனிடம் சொல்லிக்கொண்டே அவர் லயத்துக்கு நடந்து வந்ததை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்கள் தாமானில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவருக்கு ஒரு பூனை. பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். “இது மட்டும் இல்லேன்னா நான் எதுக்குடி எந்திரிக்கணும்?” என்பார். பூனைக்காக ஆறு மணிக்கு எழுகிறார். பூனைக்கு மீன் வாங்கக் கடைத்தெருவுக்கு நடக்கிறார். போகும் வழியில் நாலு பேரிடம் பேசுகிறார். வகுப்பில் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி, ‘என் செல்லப் பிராணி’ என்று தலைப்புக் கொடுத்தபோது இரண்டு பக்கம் எழுதி, தாள் போதவில்லை என்று என்னிடம் வந்து நின்றதையும் பார்த்தேன். இந்த இன்பங்களை யார் மறுக்க முடியும்?

அப்படியானால் எதில் தவறுகிறோம்? பாசம் இருந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும் என்று நினைப்பதில்தான். நானும் அப்படி நினைத்தவள்தான். திருமணமான புதிதில் ஒரு குட்டியை ஆசையோடு கொண்டு வந்தோம். தடுப்பூசி பற்றிய நினைப்பே எங்களுக்கு இல்லை. பத்தாம் நாள் குட்டி சாப்பாட்டை மறுத்தது, வாந்தி எடுத்தது, பிறகு இரத்தமாகப் போயிற்று. கண்ணேறு பட்டுவிட்டது என்று மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது, “இது பார்வோ. முதல் நாளே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம்” என்றார். 1978-இல் தெரியவந்த இந்தக் கிருமி, நாய் செத்த பிறகும் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். அதனால் ஊசி போடாத இன்னொரு குட்டியை அந்த வாசலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே, குட்டி எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும் வரை தொடர வேண்டும். குடற்புழுவுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். நாயின் வயிற்றுப் புழு நம் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால், குட்டியோடு விளையாடிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க விடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் தாய்மார்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. மிஞ்சிய கோழிக் குழம்புச் சோற்றை அப்படியே நாய்க்குப் போடுகிறோம். வெங்காயமும் பூண்டும் நாய் பூனைகளின் இரத்தத்தைக் கெடுப்பவை. வெந்த கோழி எலும்பு ஈட்டிபோல் பிளந்து குடலைக் குத்தும். உப்பில்லாமல் வேகவைத்த மீனை முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் பூசணியும் சேர்த்தால் நாய்க்கு அவசரத்துக்கு உதவும். பூனைக்கோ வெறும் சோறு ஆகவே ஆகாது. அதற்கு மீனோ இறைச்சியோ இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இருதயமும் கெடும். சாக்லெட்டும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு விஷம். பூனைக்குக் காய்ச்சல் என்று யாரும் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பனையில் எலிக்கு வைக்கும் மருந்தைத் தின்ற எலியை உங்கள் நாயோ பூனையோ பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான். இரத்தத்தை உறைய விடாமல் செய்யும் மருந்து அது. உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், இரத்தம் கசியும். நேரத்தோடு மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு.

இனி வெறிநாய்க்கடி நோய். ஆசிரியை என்பதால் இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 2012-இல் நம் நாடு இந்த நோயற்ற நாடு என்று பெயர் வாங்கியது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மறுபடி தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் புகுந்து மனித உயிர்களைப் பறித்தது. நோயின் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் தடுப்பது எளிது. மூன்று மாதக் குட்டிக்கு ஊசி, பிறகு தவறாமல் வருடத்துக்கு ஒன்று. நாய் கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். 1885-இல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தம் புதிய தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காத்தது ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை. ஏறக்குறைய என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். அன்று கிடைத்த பாதுகாப்பை இன்று நாம் சோம்பலால் இழக்கலாமா? தனியார் மருத்துவரிடம் செலவு கூடுதலாகும் என்று தயங்குபவர்கள், மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். நம் நாய் வேலி தாண்டிப் போய் மலாய் அண்டை வீட்டுப் பிள்ளையின் கையை நக்கிவிட்டால், ‘ஒன்றும் செய்யாது, விளையாடுகிறது’ என்று சிரிக்கிறோம். அவர்கள் சமய முறைப்படி அந்தக் கையை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீரால். நமக்கு விளையாட்டு, அவர்களுக்கு அது வழிபாட்டைத் தொடுகிற விஷயம். வாயிற்கதவைச் சாத்திவைப்பது பெரிய வேலையா? நகராண்மைக் கழகத்தில் நாய்க்கு உரிமம் எடுத்துக் கழுத்தில் வில்லையை மாட்டிவையுங்கள். அதற்காக நாள் முழுதும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிடவும் கூடாது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணிகளைக் கொடுமைப்படுத்துவோர்க்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மைலோ பெட்டிக்கு வருகிறேன். அந்த ஐந்து குட்டிகளும் வானத்திலிருந்து விழவில்லை. பெட்டை நாய் பெரும்பாலும் வருடத்துக்கு இருமுறை பருவத்துக்கு வரும். கருவுற்று ஒன்பது வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். கருத்தடை அறுவை செய்ய மனம் வராதவர்கள், குட்டிகளைப் பெட்டியில் போட்டுப் பசாரில் விடுகிறார்கள். இல்லையென்றால் கோயில் வாசலில் விடுகிறார்கள். உள்ளே பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, அவருடைய வாகனத்தின் பிள்ளைகளை வெளியே வெயிலில் போட்டுவிட்டு வருவது என்ன பக்தியோ, எனக்குப் புரிவதில்லை. அறுவை பாவம் என்பவர்கள் ஒருமுறை அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கட்டும்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. 1993-இல், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, நாங்கள் இருந்த தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. எங்களுக்குப் பட்டணத்தில் அடுக்குமாடி வீடு கிடைத்தது, நாலாவது மாடி. நாய்க்கு அங்கே இடமில்லை என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் ஒரு மாதம் இருப்பார் என்பதால் மணியை அவரிடம் விட்டோம். ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. புது வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பா மோட்டார் சைக்கிளில் 30 கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். லயத்தின் கூரைத் தகரங்களைக் கழற்றிவிட்டார்களாம்; சுவர்கள் மட்டும் நின்றனவாம். எங்கள் வாசற்படியில் மணி படுத்திருந்ததாம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா சோறு கட்டிக் கொடுப்பார். அப்பா கொண்டு போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அப்பா அதை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வேறு நாய் வளர்க்கவில்லை. பேசுவதும் இன்னும் குறைந்துபோயிற்று.

நம்மவர்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன காலத்தில் எத்தனை லயங்களில் எத்தனை மணிகள் இப்படிப் படுத்துக் கிடந்தனவோ! வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் மனிதருக்கே சரியாக வழி சொல்லாதபோது, நாய்க்கு யார் சொல்வார்கள்? அதனால் என் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாடி வீட்டு வாழ்க்கை இன்று பலருக்கு நிரந்தரமாகிவிட்டது. குட்டியைக் கொண்டுவருமுன், அங்கே என்ன அனுமதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பல ஆண்டுக் காலம் பூனைக்குத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து உரிமத்தோடு இரண்டு பூனைகள் வளர்க்க வழிசெய்தார்கள். நாய் என்றால் குறிப்பிட்ட வகையில் ஒன்றுதான்.

சரி, அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். நீ இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு யார் சோறு வைப்பார்கள்? வருடா வருடம் யார் ஊசிக்குக் கொண்டு போவார்கள்? வீடு மாறினால் நாய் எங்கே போகும்? கணக்கும் போடச் சொன்னேன். நாய்க்குப் பன்னிரண்டு வயதாகும்போது தனக்கு இருபத்திரண்டு என்று கண்டுபிடித்து அவனே மலைத்துப்போனான்.

மறுநாள் அவன் அம்மாவே பள்ளிக்கு வந்தார். தாளில் முதல் கேள்விக்கு ‘நான்’ என்றும், இரண்டாவதற்கு ‘அவங்கப்பா’ என்றும் எழுதியிருந்தார். மூன்றாவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. “டீச்சர், அவர் வேலையை விட்டா வீட்டையும் விடணும். நாங்களே எங்க போவோம்னு தெரியாது. அந்தச் சீவனுக்கு நான் என்னன்னு எழுதுறது?” என்றார். ஏச வந்தவரென்று நினைத்திருந்த எனக்கு, அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

குட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. தோட்டத்து வாசலுக்கு எதிரேயுள்ள தாமானில் எனக்குச் சொந்த வீடு. வீட்டுக் கடன் இன்னும் பதினான்கு வருடம் பாக்கி இருப்பதால் நான் எங்கும் ஓடிவிட முடியாது. பையன் மாலையில் வந்து சோறு வைக்கிறான், வாசலைக் கூட்டுகிறான், கை கழுவிவிட்டுப் போகிறான். தடுப்பூசி அட்டை அவன் பொறுப்பில்தான். அடுத்த ஊசிக்கான தேதியை என்னிடம் கேட்காமலே வகுப்பு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான்.