அணங்கும் நரம்பிசையும்

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். அது பிறக்கும் இடங்களையும் அவர் நான்காக வகுத்தார். வருத்தும் தெய்வமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்பன அவை. நகைக்கும் அழுகைக்கும் தந்த இடத்தை அச்சத்துக்கும் தந்த அந்த மரபிலே வந்த நாம், கலையில் அச்சத்தைக் கண்டால் மட்டும் இன்று முகஞ் சுளிக்கிறோம். பேய்க்கதை சிறுபிள்ளைகளுக்கு உரிய வேடிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். இது தகுமா என்று என்னைச் சிந்திக்கச் செய்தது, கொம்பனித்தெருவிலே நான் பலமுறை கேட்ட யப்பானிய இறுவட்டு ஒன்று.

'ஷின்ஷொக்கு டொல்ச்சே' என்பது அதன் பெயர். 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. பாடியவர் கனொன் வக்கெஷிமா என்னும் இளம்பெண். மூன்று வயதிலேயே செலோ பயிலத் தொடங்கியவர். செலோ, வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது; வயலினைவிட உருவிற் பெரியது. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கப்படுவது. தொகுப்பை உருவாக்கி வழிநடத்தியவர் மனா. 1992 முதல் 2001 வரை இயங்கிய 'மலிஸ் மிசேர்' என்னும் குழுவின் கித்தார்க் கலைஞர் அவர். கரிய பின்னலாடை அணிந்து, பெண்ணுருவில் மேடையேறிப் புகழ் பெற்றவர். தொகுப்பின் தலைப்பிலுள்ள முதற்சொல்லுக்குச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லுதல் என்று பொருள். இரண்டாவது சொல், 'இனிமையாக வாசி' என்று பணிக்கும் இத்தாலிய இசைக்குறிப்பு. அரிக்கின்ற இனிமை! தொகுப்பின் இயல்பு முழுவதும் இவ்விரு சொற்களிலே அடங்கிவிடுகிறது.

இவ்வகை இசையைக் 'கொதிக்' என்பர். ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களைக் குறித்த அச்சொல்லை, 1764இல் ஹொரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோக் கோட்டை' என்னும் நாவலுக்குப் பின்னர் இலக்கியமும் தனதாக்கிக்கொண்டது. பாழடைந்த மாளிகை, அங்கே முன்னொருகால் நிகழ்ந்த தீவினை, அதனை மறக்கவிடாத ஆவி ஆகிய மூன்றும் அவ்விலக்கியத்தைத் தாங்கும் தூண்கள். அந்த மாளிகைக்குள்ளேதான் வக்கெஷிமாவின் பாடல்களும் உலாவுகின்றன. 'ஸ்டில் டோல்' என்ற பாடல் ஒரு பாவையை நோக்கிப் பேசுவது. 2008இல் வெளிவந்த 'வம்பயர் நைற்' என்னும் உயிரோவியத் தொடரின் நிறைவுப் பாடலாக ஒலித்தது. 'சுனா நொ ஓஷிரோ' என்ற மற்றொன்றுக்கு மணற்கோட்டை என்று பொருள்.

இப்பாடல்களிலே பாடகி அலறுவதில்லை. குரல் மெலிந்தது, குழந்தையின் குரலுக்கு அண்மையது. அச்சத்தை உண்டாக்குவது கீழே இழையும் செலோ. ஏன் வில்லிசைக்கு இத்தகைய ஆற்றல்? வீணையின் நரம்பை மீட்டியதும் ஒலி பிறக்கிறது; பிறந்த கணத்திலேயே தேயவும் தொடங்குகிறது. வில்லால் இழைக்கப்படும் நரம்போ, வில் நகரும் வரையில் ஓயாது. ஒரே சுரம் வீங்கலாம், மெலியலாம், நடுங்கலாம். மூச்சும் விம்மலும் செய்யும் தொழிலை அது செய்கிறது. மனிதர் எவரும் இல்லாத அறையிலே மூச்சுவிடும் ஓசை கேட்டால் எப்படியிருக்கும்? அந்த உணர்ச்சியையே செலோ தருகிறது.

"யப்பானியப் பெண்ணுக்கு ஐரோப்பியச் சட்டையும் ஐரோப்பியப் பேயும் எதற்கு?" என்று கேட்கலாம். மேலைநாட்டிசையைப் பள்ளிக் கல்வியிலே சேர்ப்பதற்காக யப்பானிய அரசு இசாவா ஷூஜியின் தலைமையில் ஒரு நிறுவனத்தை அமைத்தது 1879இல். அதற்கும் முன்னரே, 1786 முதல் 1859 வரை வாழ்ந்த பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். நாம் அதனைத் தரையில் அமரச்செய்தோம். அதன் தலையைப் பாதத்திலே தாங்கிக் கமகம் பேசவைத்தோம். இன்று வயலினை அந்நியம் என்பார் எவருமிலர். கருவி எந்நாட்டதாயினும் வாசிப்பவரின் உள்ளத்தையே அது பேசும்.

பேயைப் பாடும் மரபும் நமக்குப் புதியதன்று. காரைக்கால் அம்மையார் இளமையையும் எழிலையும் உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர். எலும்பும் நரம்புமாய்த் திருவாலங்காட்டுச் சுடலையில் நின்று பாடினார். அவருடைய திருப்பதிகத்தைப் படித்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். பிணம் எரியும் அக்காட்டிலே அவர் பண்ணிசைக்குரிய சுரங்களின் பெயர்களைச் சொல்கிறார். வீணை முதலாய கருவிகளையும் வரிசையாக எண்ணுகிறார். அச்சத்தின் நடுவே அவருக்குச் சுரம் தவறவில்லை! பொலன்னறுவையிற் கிடைத்த அவருடைய வெண்கலத் திருவுருவம் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. வற்றிய முலையும் புடைத்த விலாவும் கொண்ட அவ்வுருவத்தின் கைகளிலே தாளம்.

யப்பானியப் பாவையையும் நம் அம்மையாரையும் ஒருங்கே நினைக்குந்தோறும் எனக்கு ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பாவை மூப்புக்கும் சாவுக்கும் அஞ்சி அழகை அசையாமல் நிறுத்திவைக்கும் முயற்சி. அதனாலேயே அதன் இனிமை உள்ளிருந்து அரிக்கிறது. அம்மையார் அழகைத் தாமே முன்வந்து கொடுத்துவிட்டார். எனவே அவரிடமிருந்து பறிப்பதற்குச் சாவுக்கு ஒன்றுமில்லை. ஒருத்தி அச்சத்துக்கு ஆடை உடுத்துகிறாள். மற்றவர் அதன் ஆடையைக் களைகிறார். இருவருமே அதற்குத் தாளம் கொடுக்கின்றனர்.

தாளம் கொடுப்பதால் என்ன பயன்? இந்த வினாவைக் கொம்பனித்தெருவில் இருந்துகொண்டு எளிதாகக் கேட்டுவிட முடியாது. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இடம் இது. ஆங்கிலேயர் வழங்கிய பெயரும் அடிமைத்தீவு என்றே பொருள்பட்டது. இங்கேதான் தமிழ்க் குடும்பமொன்றுக்கு உரித்தான றியோ திரையரங்கு 1965இல் திறக்கப்பட்டது. 1983 யூலையில் தமிழர்மீது கட்டவிழ்க்கப்பட்ட வன்செயலின்போது அக்கட்டிடத் தொகுதிக்குத் தீ வைக்கப்பட்டது. எரிந்த சுவர்கள் பல்லாண்டுகள் புகைக்கறையோடு நின்றன. 2015ஆம் ஆண்டில் கொழும்பஸ்கோப் கலைவிழாவினர் அந்த வெறுமையான அறைகளிலேயே தம் கண்காட்சியை நடத்தினர். பாழடைந்த மாளிகை, நிகழ்ந்த தீவினை, மறக்கவிடாத ஆவி என்று வால்போல் கற்பனை செய்த மூன்றும் நமக்குக் கற்பனையாக அமையவில்லை. தொல்காப்பியர் நான்காக வகுத்த அச்சங்களுள், இத்தெரு கண்டது அணங்கின் அச்சமன்று. கொள்ளையிட்ட கள்வராலும், காக்கத் தவறிய அரசாலும் விளைந்த அச்சம் அது.

அத்தகைய அச்சம் வாய்திறப்பதில்லை. கண்டவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினாலும் பாதியிலே நிறுத்திவிடுகின்றனர். உருவம் பெறாத அச்சம் உள்ளேயே இருந்து அரிக்கிறது. ஓர் இளம்பெண் செலோவோடு அமர்ந்து, கற்பனையான தன் இருண்ட மாளிகைக்குச் சுரமும் அளவும் முடிவும் தருகையில், அளவில்லாத ஒன்றுக்கும் அளவு உண்டாக்கலாம் என்பதை அறிகிறேன். பாட்டு நான்கு நிமிடத்தில் முடிகிறது. அச்சமும் அதனோடு ஓர் எல்லைக்குள் வருகிறது. அச்சத்தை இலக்கணத்துக்குள் வைத்தவர் இதனை உணர்ந்தே வைத்திருத்தல் வேண்டும்.

எரிந்த வீடுகளைப் பற்றிய பாட்டு நம் பிள்ளைகளிடமிருந்தும் எழுதல் வேண்டும் என விரும்புகிறேன். அது செலோவில் எழுந்தாலென்ன, நம் தரையில் அமர்ந்த வயலினில் எழுந்தாலென்ன? நூதனசாலைக் கண்ணாடிக்குள்ளே தாளத்தோடு அமர்ந்திருக்கும் அம்மையார் அதனை அந்நியம் என்று சொல்லமாட்டார்.