வீட்டுக்குள்ளே திராவகம்! கண் இமைக்கும் நேரத்தில் கண்ணே போகும்!

முன்பக்கம் குடித்தனம். பின்பக்கம் நகைப் பட்டறை. கோவை, சென்னை என்று பல ஊர்களிலும் நகைத் தொழிலாளர் வீடுகள் இப்படித்தான். குழந்தை தவழ்கிற அதே வீட்டில் கேன் கேனாகத் திராவகமும் குடியிருக்கிறது.

"எத்தனை வருசமா பாக்குறோம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். ஆவதற்கு ஒரு நொடி போதும்!

64 கிலோ எமன்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கெட்டிக் கந்தகத் திராவகமோ 1.84 கிலோ. 35 லிட்டர் கேன் என்றால் 64 கிலோவுக்கு மேல்! அதைத் தனி ஆளாகத் தூக்கிச் சாய்த்து ஊற்றினால் கை நழுவும். கைப் பம்பு வைத்து எடுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கேனைப் பரணில் ஏற்றாதீர்கள். தரையில், பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வையுங்கள். கேன் கசிந்தாலும் தொட்டியோடு நிற்கும். சோடா பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது குழந்தைக்கு விஷம் வைப்பதற்குச் சமம்.

எதில் எதை ஊற்றுவது?

தண்ணீரில்தான் திராவகத்தை விட வேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் மேலே விழுந்த தண்ணீர் சூடேறிக் கொதித்து, திராவகத்தையும் சேர்த்து முகத்தில் வாரி அடிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும் கட்டாயம்.

சாயங்காலம் சிரிப்பு, ராத்திரி மூச்சுத்திணறல்

வெடியுப்புத் திராவகத்தில் வெள்ளியோ செம்போ கரையும்போது செம்பழுப்புப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவர் லேசாக இருமிவிட்டு எழுந்து போய்விடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூடிய அறையில் இந்த வேலை கூடாது. புகை பட்டவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கொட்டிவிட்டால்?

மரத்தூள், சாக்கு போடாதீர்கள். வெடியுப்புத் திராவகம் பட்டால் தீப்பிடிக்கலாம். காய்ந்த மணலைப் போடுங்கள். பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே வரக்கூடாது. உப்புத் திராவகத்தோடு சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்!

உடம்பில் பட்டால் சோடா, சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணுக்கும் அதேதான், இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

கடைக்காரர்களே, கவனம்!

2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவு ஞாபகமிருக்கட்டும். வாங்குபவரின் அடையாள அட்டை, விலாசம், காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. மீறினால் அபராதம் ரூ.50 ஆயிரம் வரை.

தங்கம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். கண் போனால்?