சிரிப்பு யார் பக்கம்?

ஆல்ஃப் கார்னெட் என்றொரு துறைமுகத் தொழிலாளி. இலண்டனின் கிழக்குப் பகுதியில், வாப்பிங் என்னுமிடத்தில் குடியிருப்பு. வாயைத் திறந்தால் வசை! கறுப்பரைக் கண்டால் ஏச்சு, யூதரென்றால் இளக்காரம், கட்டிய மனைவிக்கு ஓயாத அர்ச்சனை. ஆனால் அரசிக்கு வாழ்த்து. முதலாளிமார் கட்சிக்கு ஓட்டு!

தேடிப் போகாதீர்கள், தோழர்களே! பி.பி.சி. தொலைக்காட்சியில் 1966 முதல் 1975 வரை வந்த 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகன் அவன். எழுதியவர் ஜானி ஸ்பைட், துறைமுகத் தொழிலாளியின் மகன். நடித்தவர் வாரன் மிட்செல், அவரே யூதர், சோஷலிஸ்டும்கூட. மடமையைத் தோலுரிக்கவே இருவரும் முனைந்தனர். நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை.

நடந்தது என்ன? ஒரு சாரார் அவனைப் பார்த்துச் சிரித்தனர். இன்னொரு சாரார் அவனோடு சேர்ந்து சிரித்தனர்! 'நம் மனத்திலுள்ளதைச் சொல்ல ஒருவனாவது வந்தானே' என்று மகிழ்ந்தனர். ஊகமன்று இது. அதே தொடரை நார்மன் லியர் 1971-ல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்று அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். ஆர்ச்சி பங்கர் அங்கே ஆல்ஃபின் உடன்பிறவாத் தம்பி. விட்மர், ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர் பார்வையாளரிடம் விசாரித்து 1974-ல் முடிவை வெளியிட்டனர்: இனவெறுப்பு மிகுந்தவர்கள் ஆர்ச்சியைத்தான் மெச்சினார்கள்!

1968 ஏப்ரல் 20. குடியேறி வந்தோர்மீது ஈனாக் பவல் நஞ்சைக் கக்கினார். மூன்றாம் நாளே இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்திப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போயினர். பவலை எதிர்த்தா? ஆதரித்து! தொடரைப் பார்த்துக் கெட்டார்கள் என்று நாம் சொல்லமாட்டோம்; அவ்வளவு பெரிய பழியைச் சுமக்க ஒரு நகைச்சுவைத் தொடருக்குத் தோளில்லை.

மறு ஆண்டு ஸ்பைட் எழுதிய 'கறி அண்ட் சிப்ஸ்' வந்தது. கதை நடக்குமிடம் ஒரு தொழிற்சாலை. அகமத்நகரில் பிறந்த வெள்ளையர் ஸ்பைக் மில்லிகன், முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாகிஸ்தானியராக வந்தார். உடன் உழைப்போர் வாயெல்லாம் வசை. ஆறு பகுதிகளோடு ஆணையம் நிறுத்தச் செய்தது.

நமக்கு உறுத்துவது வேறொன்று. வசையனைத்தையும் உழைப்பவன் வாயிலேயே வைத்தார்களே, ஏன்? நிறம் பார்த்து வேலை மறுத்த முதலாளி எங்கே? வீடு மறுத்த சொந்தக்காரர் எங்கே? 1968-ல் சட்டம் வரும்வரை பிரிட்டனில் அவை தடைசெய்யப்படவே இல்லை! அந்தக் கனவான்களோ இந்தச் சிரிப்புக்கு இரையாகாமல் தப்பிவிட்டனர்.

1977 டிசம்பரில் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடங்கிற்று. இந்தியரும் பாகிஸ்தானியரும் பிறரும் ஆங்கிலத்தைத் தடுமாறிப் பேசுவார்கள்; அதுதான் வேடிக்கை. நம் நாட்டிலும் அதை இரசித்தோர் உண்டு. அந்நேரம் அதே இலண்டனில், வில்ஸ்டன் பகுதியில், கிரன்விக் புகைப்படத் தொழிற்கூட வாயிலில் வேலைநிறுத்தம் இரண்டாம் ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. முன்னின்றவர் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி. சேலையுடுத்தி மறியலில் நின்ற அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் தடையாக இருக்கவில்லை! 1978-ல் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஆனால் 1977 ஜூலையில் அவர்களுக்குத் துணைநின்ற ஆயிரக்கணக்கானோரிடையே ஒரு சங்கக் கொடியும் வந்தது. இலண்டன் துறைமுகத் தொழிலாளர் கொடி அது.